அப்பாவின் நாற்காலிக்கு லெதர் பைப்பிங்

மாடி அறையின் தரையில் ஒரு தோல் கோட்டைக் குப்புறப் போட்டு, அதன் முதுகில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தேன். கையில் பெரிய கத்தரிக்கோல். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அது கிடந்த கிடப்பைப் பார்த்தால், யாரையோ பிடித்துப் போட்டு விசாரிக்கிற மாதிரி இருந்தது.

"மேல என்ன சத்தம்? ஆரு அங்க?"

கீழே கட்டிலிலிருந்து அப்பாவின் குரல்.

"நான்தான்ப்பா. தச்சிண்டிருக்கேன்."

"தைக்கறதுன்னா மெஷின் சத்தம்னா கேக்கணும்? இது என்னமோ ஆளைப் போட்டு உருட்டற மாதிரி இருக்கே."

இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தாரே தவிர, காதுக்கு ஒரு குறையும் இல்லை.

அப்பா என்று நான் சொல்வது என் மாமனாரை. இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். போன வாரம் குரங்குகளோடு அவர் போட்ட சண்டையை எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குரங்குகளின் கட்சி. புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்பதைத் தாண்டியவர். அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாலக்காடு கல்பாத்தியில் எங்கள் தெருவில் யார் எந்தத் தப்பைச் செய்தாலும் முதலில் கண்டுபிடிக்கிறவர்.

அவருக்குத் தெரியாமல், அவருடைய கோட்டை வெட்டி, அவருடைய நாற்காலியிலேயே வைத்துத் தைக்கப் போகிறேன். பயம் இல்லாமலா இருக்கும்?

கடிக்கிற நாற்காலி

குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. வீட்டுக்கு வந்த பிசியோதெரபிப் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: காலையும் மாலையும் காலைத் தொங்கப் போட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தால்தான் நிற்கலாம், நின்றால்தான் நடக்கலாம். இப்படியே படுத்திருந்தால் முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், பிறகு எழுந்திருப்பது என்பதே கிடையாது.

அப்பாவுக்கென்று ஒரு தேக்கு நாற்காலி உண்டு. உயரமான கைகள், ரெக்சின் உறை போட்ட மெத்தை. மெத்தையின் மேல்துணியும் பக்கத்துணியும் சேரும் தையலில், உள்ளே கயிறு வைத்துச் சுருட்டிய ஒரு மெல்லிய விளிம்பு ஓடும். அதற்குத்தான் பைப்பிங் என்று பெயர். நம் வீட்டு சோபாக்களின் ஓரத்தைத் தடவிப் பார்த்தால் தெரியும். அப்பாவின் நாற்காலியில் அந்த ரெக்சின் பைப்பிங் வெயிலிலும் வயதிலும் வெடித்து, பிளேடு மாதிரி ஆகியிருந்தது. உட்கார்ந்த முதல் நாளே முழங்காலுக்குப் பின்னால் கீறிவிட்டது. சர்க்கரைக்காரர். அந்தச் சின்னக் கீறல் ஆறுவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதைப் பிடித்துக்கொண்டார்.

"நாற்காலி கடிக்கறது, கேட்டியா. நேக்கு வேண்டாம்."

துண்டை மடித்துப் போட்டேன். நகர்கிறது என்றார். பருத்தித் துணியில் புதிதாகப் பைப்பிங் வைத்துத் தைத்தேன். சொரசொர என்கிறது என்றார். பைப்பிங்கே இல்லாமல் தைத்தேன். தையல் குத்துகிறது என்றார். நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. வங்கி வேலை முடிந்து வந்தால் தையல் மெஷின்தான் எனக்குப் பொழுதுபோக்கு. தெருவில் பாதி வீட்டு சோபாக்களுக்கு உறை தைத்தவள். இந்த ஒரு நாற்காலியிடம் தோற்றுக்கொண்டே இருந்தேன்.

உண்மையில் அவருக்கு நாற்காலி மேல் கோபமில்லை. பயம். இறங்கும்போது கால் நழுவி மறுபடி விழுந்துவிடுவோம் என்ற பயம். கட்டிலின் ஓரத்துக்கு வரும்போது அவர் முகத்தில் அதைப் பார்த்தேன். வாழ்நாளில் பயம் என்ற வார்த்தையைத் தன்னைப் பற்றிச் சொல்லிப் பழகாதவர், பழியைத் தூக்கி நாற்காலியின் தலையில் போட்டுவிட்டார்.

"பாவம், விடு விஜி. படுத்துண்டே இருக்கட்டும்" என்றான் என் கணவன் சேது. விட்டால் அவர் எழுந்திருக்கவே மாட்டார் என்று அவனிடம் கத்தினேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அவரோடு தினம் ஒரு சண்டை போடாமல் எனக்கும் பொழுது போகாது.

நாற்காலியின் மேல் குறை சொல்ல ஒன்றுமே இல்லாமல் செய்துவிட்டால், சாக்கு தீர்ந்து உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? எங்கள் தையல் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: நல்ல மெல்லிய தோலில் பைப்பிங் வை, வெடிக்காது, உடம்பை அறுக்காது.

தோல். எங்கள் வீட்டில். படித்துவிட்டு போனைக் குப்புற வைத்தேன்.

ரேழியோடு நிற்கும் தோல்

வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள நடைதான் ரேழி. தோலால் ஆன எந்த வஸ்துவும் எங்கள் வீட்டில் அதைத் தாண்டி வந்ததில்லை. அப்பாவின் கைக்கடிகாரத்துக்கு ஸ்டீல் பட்டை. பர்ஸ் துணியில். சேதுவின் ஆபீஸ் பை இன்றும் ரேழி ஆணியில்தான் தொங்குகிறது. முதல் சம்பளத்தில் அவன் ஆசையாக ஒரு லெதர் பெல்ட் வாங்கினானாம். வந்ததும் அதைக் கழற்றி ரேழியில் மாட்டிவிட்டு, ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாப்பிட்ட கதையை அவன் சொல்லும்போதெல்லாம் நான் சிரித்திருக்கிறேன்.

ஆனால் கச்சேரி என்றால் அப்பா முதல் வரிசையில் இருப்பார். மிருதங்கத்துக்குத் தொடையில் தாளம் போடுவார். ஒருமுறை கேட்டேன்.

"ஏன்ப்பா, மிருதங்கம் தோல் இல்லையா?"

"அது வாத்யம்."

"வாத்யத்துக்குத் தோஷமில்லையா?"

"வாசிக்கத் தெரிஞ்சவனுக்கு இல்லை."

"உங்களுக்கு வாசிக்கத் தெரியாதே?"

"நான் தொடலையே. கேக்கத்தானே செய்யறேன். காதுக்குத் தீட்டு கிடையாது."

இப்படிப்பட்டவரிடம் போய் லெதர் என்று வாயைத் திறக்க முடியுமா? அதனால் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

வேலந்தாவளத்தில் ஒரு தீக்குச்சி

முதலில் ஆன்லைனில் வாங்கினேன். வந்த பொட்டலத்தில் பெரிய எழுத்தில் லெதர் என்றும், பக்கத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில் ஃபினிஷ் என்றும் இருந்தது. பாலக்காட்டுக் கடைகளில் ரெக்சின்தான். வங்கிக்கு வரும் ஒரு வாடிக்கையாளர், வேலந்தாவளத்தில் பழனிச்சாமி என்பவர் குஷன் கடை வைத்திருக்கிறார், கார் சீட்டெல்லாம் தைப்பார், போய்க் கேளுங்கள் என்றார். விடுமுறை போட்டுவிட்டுப் போனேன்.

அன்று சந்தை நாள் என்று எனக்குத் தெரியாது. தமிழ்நாட்டு எல்லை தாண்டி வந்த வண்டிகளும் மாடுகளும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. நடுவில் நீந்திக் கடைக்குப் போய்ச் சேர்ந்து, மாமனாரின் நாற்காலிக் கதையைச் சொன்னேன்.

"லெதர் பைப்பிங்குங்களா? இருக்குதுங்க" என்று பழனிச்சாமி ஒரு சுருளை எடுத்துப் போட்டார். "சாந்தன்பாறை ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புக்கெல்லாம் இதுதானுங்க போவுது."

"நிஜ லெதரா?"

என்னை ஒரு தரம் பார்த்தார். சிரித்தார். ஒரு தீக்குச்சியைக் கிழித்துச் சுருளின் நுனியில் காட்டினார். அது கறுப்பாக உருண்டு சொட்டி, பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது.

"பாத்தீங்களா? தோலா இருந்தா இப்படி உருகாதுங்க. கருகும். முடி கருகற வாசம் வருமுங்க."

"அப்புறம் ஏன் இருக்குன்னு சொன்னீங்க?"

"ஏனுங்க, இத்தன தூரம் கேட்டு வந்திருக்கறீங்க. இல்லீங்கன்னு சொன்னா மனசுக்குக் கஷ்டமா இருக்குமல்லங்க."

அவரோடு எப்படிச் சண்டை போடுவது? நிஜத் தோலில் பைப்பிங் யாரும் செய்து விற்பதில்லை, தோல் கிடைத்தால் பட்டை பட்டையாக வெட்டி, கயிற்றை உள்ளே வைத்து நாமே தைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார்.

"தோலுக்கு எங்க போறது?"

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். "அங்க நிக்குது பாருங்க, நாலு காலோட. உரிச்சு, பதம் பண்ணி வர்றதுக்குள்ள உங்க மாமனாரு எந்திரிச்சு ஓடியே போயிருவாருங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு சிவப்பு மாடு அசை போட்டபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. புதிதாக ஒரு மாட்டின் பாவம் என் தலையில் ஏற வேண்டாம், ஏற்கெனவே எங்கேயாவது சும்மா கிடக்கிற தோலாக இருந்தால் தேவலை என்று தோன்றியது. கயிறும் தோல் தைக்கிற ஊசியும் மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

கொழிஞ்சாம்பாறை தாண்டும்போது பளிச்சென்று நினைவு வந்தது. காரை ஓரமாக நிறுத்திவிட்டு நானே சிரித்துக்கொண்டேன்.

பரணில் இருந்த நியூ ஜெர்சி

எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பரணைத் தேடினாலும் ஓர் அமெரிக்கக் கோட்டு கிடைக்கும். பிள்ளையைப் பார்க்கப் போன அப்பா அம்மாக்களுக்கு அங்கே வாங்கிக் கொடுத்தது. பாலக்காட்டு வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு எங்கே போவது? பரணுக்குத்தான் போகும்.

எங்கள் வீட்டில் இருந்தது லெதர் கோட்டு. சேதுவின் அண்ணா நியூ ஜெர்சியில் இருக்கிறார். பல வருஷம் முன்னால் ஒரு பனிக்காலத்தில் அப்பாவும், அப்போது உயிரோடு இருந்த என் மாமியாரும் அங்கே போனபோது, விவரம் போதாமல் அப்பாவுக்கு அதை வாங்கிக் கொடுத்துவிட்டார். "அதை நான் கையாலகூடத் தொடலை" என்று ஊருக்குத் திரும்பியதிலிருந்து அப்பா தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார். பிளாஸ்டிக் பையைப் பிரிக்காதவரை தோஷமில்லை என்று அவரே தீர்ப்புச் சொல்ல, கோட்டு மட்டும் ரேழியைத் தாண்டி, பையோடு மாடிப் பரணுக்குப் போனது. ஆட்டுக்குட்டித் தோல். விரலால் தொட்டால் வெண்ணெய்.

பரணிலிருந்து இறக்கியதும் முதல் வேலையாக வாசனையை ஒழிக்க வேண்டும். பாச்சா உருண்டையும் பழைய தோலும் கலந்து ஒரு வீச்சம். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் எண்ணெய்க் குளியலுக்குப் பின் தலைமுடிக்குச் செய்வதுதான். கூடையைக் கவிழ்த்து, அடியில் சாம்பிராணிப் புகை போட்டு, கோட்டை அதன் மேல் போர்த்தினேன். புகை மாடிப்படி வழியாக நேராகக் கீழே இறங்கியது.

"விஜி! ஆத்துல ஆருக்காவது கொழந்தை பொறந்திருக்கா?"

"கொசுவுக்குப் போட்டேன்ப்பா."

"பகல்லயா?"

மறுநாள் வெட்டினேன். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் என்னை விட்டுவிட்டு வந்தீர்களே, அந்த நிலைமை. கண்ணை மூடிக்கொண்டு முதல் வெட்டை வெட்டியதும் பயம் போய்விட்டது. முதுகுத் தோல் முழுவதையும் இரண்டு விரல் அகலப் பட்டைகளாக்கினேன். பட்டைகளை நேராக ஒட்டினால் மேடு தட்டும் என்பதால் முனைகளைச் சாய்வாக வெட்டி, சவரப் பிளேடால் அடியைச் சீவி மெல்லிசாக்கி, ரப்பர் சொல்யூஷன் தடவி ஒட்டினேன்.

"பஞ்சர் ஒட்டறவன் வந்திருக்கானா?" என்றார் கீழேயிருந்து.

கயிற்றை நடுவில் வைத்துப் பட்டையை மடித்து, துணி காயப் போடும் கிளிப்புகளை வரிசையாக மாட்டினேன். துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். தோலில் ஊசி போட்ட ஓட்டை போட்டதுதான், மூடாது. அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெஷினைக் கையால் சுற்றித் தைத்தேன். மூலைகளில் வளைவதற்காக ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுகள். இரண்டு மூலை அழகாக வந்தது. மற்ற இரண்டையும் பின்பக்கம் தள்ளிவிட்டேன்.

மேல் உறைக்கு நல்ல காட்டன். ஓரத்தில் மட்டும் கரும்பழுப்பில் தோல் விளிம்பு. எனக்கே அதில் உட்கார ஆசையாக இருந்தது.

ஃபாரின்

பிசியோ பெண் வரும் நேரம் பார்த்து நாற்காலியைக் கட்டிலருகே கொண்டுபோய் வைத்தேன்.

"இது என்ன ஓரத்துல?"

"புது மெட்டீரியல்ப்பா."

"என்ன மெட்டீரியல்?"

"ஃபாரின்."

பொய் இல்லை. வங்கியில் இத்தனை வருஷம் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொன்ன நாக்கு, தேவையானதை மட்டும்தான் சொல்லும்.

அப்பா கட்டைவிரலை விளிம்பில் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் தடவினார். நடுவில் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"ஏதாயாலும் உட்கார்ந்து பாக்கறேன்."

நானும் அந்தப் பெண்ணும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். உட்கார்ந்தார். குறை சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். பேப்பரைக் கேட்டார். தலைப்புச் செய்தி முதல் வரி விளம்பரம் வரை படித்து முடித்தார். முழங்காலுக்குப் பின்னால் எப்படி இருக்கிறது என்று அந்தப் பெண் கேட்டதற்கு, "சுகமா இருக்கு" என்றார்.

அடுக்களைக்குப் போய் அழுதுவிட்டேன். சந்தோஷம்தான். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டு என்ன என்றார். வெங்காயம் நறுக்குகிறேன் என்றேன்.

"ஏகாதசியன்னிக்கு வெங்காயமா?"

அதற்குப் பிறகு காலையும் மாலையும் நாற்காலிதான். பிசியோ பெண் ஒரு வாக்கரைக் கொண்டுவந்து எதிரே வைத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார், உட்கார்வார். நடக்க மட்டும் மாட்டேன் என்றார்.

எலி

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேதுவின் அண்ணா வீடியோவில் கூப்பிட்டார். அப்பா நாற்காலியில். போனைப் பிடித்திருந்தது நான்.

"அப்பா, உங்க பேரன் கார்த்திக் டிசம்பர்ல வரான். மூணாறு, சாந்தன்பாறைப் பக்கம் எல்லாம் போய்த் தங்கணுமாம். அங்க நல்ல குளிராமே? உங்களுக்கு வாங்கிக் குடுத்தேனே ஒரு லெதர் கோட்டு, அதை எடுத்து வெக்கச் சொல்லுங்கோ. நீங்கதான் தொடவே இல்லையே, புதுசாட்டமா இருக்கும்."

நான் போனைச் சட்டென்று மேலே திருப்பியதில் நியூ ஜெர்சிக்கு எங்கள் வீட்டு உத்தரம் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"அதை எலி தின்னுடுத்துடா" என்றார் அப்பா.

"எலியா? மொத்தமாவா?"

"முதுகு பூரா. பெரிய எலி." என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு பூனை வளக்கக் கூடாதோ?"

"இது படிச்ச எலி. பூனைக்கெல்லாம் பயப்படாது. உத்தியோகத்துக்கெல்லாம் போயிண்டு வரது."

அண்ணா சிரித்தார், அப்பாவுக்கு உடம்பு தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டார், வைத்துவிட்டார். அண்ணாவும் சேதுவும் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் பேச மட்டும்தான் வரும். அதனால்தான் இதையெல்லாம் தைரியமாக எழுதுகிறேன். அப்பா தமிழ் படிப்பார், இதையும் படிப்பார். அனுமதி வாங்கிவிட்டேன்.

போனைக் கீழே வைத்தேன்.

"எப்பத் தெரியும்ப்பா?"

"உட்கார்ந்த அன்னிக்கே. வெரல் வெச்சதும் தெரிஞ்சுது."

"எப்படி? நீங்கதான் தொடவே இல்லையே?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தப் பனில வெளில நடக்கப் போகணும்னா வேற என்னதான் வழி? உன் மாமியார் மத்யானம் தூங்குவா. அது வரைக்கும் காத்திருந்து போட்டுண்டு எறங்குவேன். அவ எழுந்திருக்கறதுக்குள்ள வந்து மாட்டிடுவேன்."

"தினமுமா?"

"மழை பெஞ்சா போக மாட்டேன்."

"வந்து குளிச்சேளா?"

"அந்தக் குளிர்லயா! கை கால் அலம்பிண்டேன். அது போறும்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சிரித்தார். இடுப்பு வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று என்னையே திட்டினார்.

"தெரிஞ்சும் இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொன்னா எழுந்துக்கணுமே. உட்கார்ந்தா சுகமா இருக்கு." பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "கை ரெண்டும் மிச்சம் இருக்கா?"

"கோட்டோட கையா? இருக்கு."

"வாக்கர் பிடி வழுக்கறது. அதைச் சுத்தித் தச்சுக் குடு. தேர்த் திருவிழா வரதுக்குள்ள தெருக்கோடி வரைக்கும் போய்ப் பாக்கணும்."

நடக்கிறேன் என்று அவராகச் சொன்னது அன்றுதான். அன்று மாலையே இரண்டு பிடிகளுக்கும் தோல் சுற்றித் தைத்துவிட்டேன். அடுத்த நாள் கூடம் வரை. அப்புறம் ரேழி. அப்புறம் வாசல்படி. ஒவ்வொரு நாளும் போக வேண்டாம் என்று சேதுவும், போகத்தான் வேண்டும் என்று அப்பாவும் சண்டை போட்டார்கள். அதைக் கேட்க எனக்கு ஆனந்தமாக இருந்தது.

தேர்த் திருவிழாவுக்குக் கோவில் வாசல் வரை வாக்கரோடு நடந்தே வந்தார். செருப்புகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தின் முன்னால் நின்றார்.

"இது இங்கயே இருக்கட்டும். தோல்" என்றார் என்னிடம்.

வாக்கரைச் செருப்புகளுக்கு நடுவே நிறுத்தினேன். செருப்புக்கு டோக்கன் தரும் அம்மாள் அதற்கும் ஒன்றை நீட்டினாள். அப்பா அதை வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையால் என் தோளைப் பிடித்தபடி உள்ளே நடந்தார்.